நூற்றைம்பத்தைந்தாம் கட்டையைத் தேடிப் போன சாட்சி

கடந்த ஆண்டு ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழா முடிந்து வந்த வளர்பிறைப் புதன்கிழமை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் வழியில் நடந்தது இது. நேராகப் போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் அந்த வழியில் இரண்டு தடவை வடக்கே போய், ஒரு தடவை தெற்கே வந்தேன்.

நான் மாத்தளைக்காரன். எது எப்போது நடந்தது என்று நினைவில் வைத்திருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எந்த வருடம் மழை பிந்தியது, பக்கத்து வீட்டுக்காரர் எந்த மாதம் குடிவந்தார் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். பத்திரிகையையும் கடைசி வரி வரை படிப்பவன். வன்னியில் உள்ள ஊர்ப் பெயர்கள் அநேகமாக எல்லாமே எனக்குத் தெரியும், அந்த நாள் செய்திகளில் படித்த பெயர்கள். ஆனால் வவுனியாவுக்கு அப்பால் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை.

என் நெருங்கிய நண்பர் ஒருவர் காலமாகி நாலு வருடம். அவருடைய மகனுக்குக் கிளிநொச்சியில் பெண் பேசி முடிந்திருந்தது. தாலி கட்டுவது தை மாதம். அதற்கு முன் விவாகப் பதிவு. அந்தப் பக்கத்தில் அதை 'எழுத்து' என்பார்கள். பதிவாளர் பெண் வீட்டுக்கே வந்து எழுதுவார். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு சாட்சி. பையன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா வச்சிருக்க வேண்டிய கையெழுத்து மாமா, நீங்கதான் வைக்கணும்" என்றான். வருகிறேன் என்று சொன்னேன். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன் எழுத்து முடிய வேண்டும் என்பது பெண் வீட்டாரின் ஒரே நிபந்தனை.

மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வாடகை வான் ஒன்றில் போய்விட்டார்கள். எனக்கும் அதில் இடம் இருந்தது. நான்தான் வீதியைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி, இரவோடிரவாக வவுனியாவுக்கு வந்து ஓர் உறவினர் வீட்டில் படுத்து எழும்பினேன். பெண்ணின் தாய்மாமன் போனில் வழி சொன்னார். சத்தமான குரல், அன்பான மனிதர்.

"155ஆம் கட்டையில இறங்குங்கோ அண்ணை. இறங்கி ஆரைக் கேட்டாலும் எங்கட வீட்டைக் காட்டுவினம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் வழி சொல்ல முடியாது என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் அந்த வீதி எங்கள் மாத்தளை வழியாகத்தான் போகிறது. கட்டை என்றால் வீதியோரத்துத் தூரக்கல். எங்கள் வீட்டுப் படலைக்கு எதிரேயே அப்படி ஒன்று நிற்கிறது. கண்டியிலிருந்து எத்தனையாவது என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கும். ஆகவே, 155 என்று எழுதிய கல் வரும், மணியை அடித்து இறங்க வேண்டியதுதான். யாரையும் கேட்டுத் தொல்லைப்படுத்தத் தேவையில்லை.

காலையில் வவுனியாவில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். நெரிசல். கையில் பரிசாகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு, பழைய பத்திரிகையில் சுற்றியது, நல்ல பாரம். நடத்துநரிடம் "கிளிநொச்சி" என்று சொல்லி டிக்கெட் வாங்கினேன். ஆட்களின் தோள்களுக்கு நடுவே நின்றதால் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஓமந்தையில் சிலர் இறங்கினார்கள், புளியங்குளத்தில் இன்னும் சிலர். அதற்குப் பிறகுதான் ஜன்னலோரம் ஓர் இருக்கை கிடைத்தது. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். காடு. பிறகு மாடுகள். பிறகு ஒரு வெள்ளைக் கல்.

அதில் இருந்த எண் இருநூறைத் தாண்டியிருந்தது.

முதலில் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கல் வரும்வரை கண்ணை எடுக்காமல் இருந்தேன். அதில் ஒன்று கூடியிருந்தது. நூற்றைம்பத்தைந்து எப்போதோ போய்விட்டது, கிளிநொச்சி போய்விட்டது, நடத்துநர் என்னை மறந்துவிட்டார், நான் யாழ்ப்பாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உடனே மாப்பிள்ளையின் போனுக்கு எடுத்தேன். தாய்மாமன்தான் பேசினார். பின்னால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் 155ஐத் தாண்டி வந்துட்டேன்" என்று கத்தினேன்.

"தாண்டிட்டியளோ! எவ்வளவு தூரம் தாண்டிட்டியள்?"

"ஐம்பதுக்கு மேல."

"ஐம்பது மீற்றரோ? அப்ப இறங்கி நடந்து வாங்கோவன் அண்ணை."

"மீற்றர் இல்ல. கட்டை. ஐம்பது கட்டை."

"ஐம்பது கட்டையோ! ஐம்பது கட்டை தாண்டினா யாழ்ப்பாணமும் முடிஞ்சு கடலுக்குள்ள எல்லோ நிப்பியள்!" என்று சிரித்தவர், நாதஸ்வரத்தை மீறி, "சரி சரி, கிளிநொச்சியைத் தாண்டிப் பரந்தன் பக்கம் போயிட்டியள் போல. உடன இறங்குங்கோ. றோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டு வவுனியாப் பஸ்ஸை மறியுங்கோ. திரும்பி வந்தா 155 வரும்" என்று சொன்னார். அத்துடன் தொடர்பு அறுந்தது.

அவர் சொன்னது அவர் கணக்குப்படி சரி. நான் சொன்னது என் கணக்குப்படி சரி. இரண்டும் சேர்ந்ததில்தான் எனக்குக் கேடு வந்தது.

மணியை அடித்தேன். மிதிபலகையில் நின்ற நடத்துநர், "ஐயா, இஞ்சயோ இறங்கிறியள்?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவர் குற்றத்தை அவரே உணர்ந்து கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு, விறைப்பாக "இஞ்சதான்" என்று சொல்லி இறங்கினேன். பஸ் போய்விட்டது.

ஒரு தேநீர்க் கடையின் பலகையில் கனகராயன்குளம் என்று இருந்தது. எத்தனையோ தடவை படித்த பெயர். ஆனால் அது கிளிநொச்சிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எனக்குத் தெரியவில்லை. பெயர்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. அவை எந்த ஒழுங்கில் வரும் என்பது இல்லை. கடைக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று திரும்பியபோது வவுனியாப் பஸ் தெரிந்தது. விளக்கைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து ஓடி ஏறிவிட்டேன்.

"எங்க?" என்றார் அந்த நடத்துநர்.

"155ஆம் கட்டை."

அவர் டிக்கெட் கிழிக்கப் போன கையை நிறுத்தினார். "ஐயா, 155 கிளிநொச்சியிலயெல்லோ. இது வவுனியாவுக்குப் போகுது. மாறி ஏறிட்டியள்."

"இல்லை தம்பி. நான் இப்பதான் இருநூறைத் தாண்டிப் போய்த் திரும்பி வாறேன். கல்லைக் கண்ணால பார்த்தேன்."

"என்ன இருநூறு?"

"கல்லு. அந்தா, பாருங்க!" உண்மையாகவே ஒரு கல் ஜன்னலைக் கடந்து போனது. பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் குனிந்து பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ஒருவர், 155 என்பது பழைய பஸ் இலக்கம் என்றார். இன்னொருவர், இல்லை, அது குடியேற்றத் திட்டத்தில் வந்த காணி இலக்கம் என்றார். முன் இருக்கையில் இருந்த பெண், "கட்டையெண்டா மைல்தானே, சும்மா இருங்கோ" என்று அவரை அடக்கினார். "மைலெண்டா அந்த மைல்கல்லு இப்ப எங்க?" என்று காணி இலக்கக்காரர் விடவில்லை. "கல்லைப் பிடுங்கிப் போட்டாங்கள், பேரைப் பிடுங்கேல்ல" என்றார் பின்னால் ஒருவர். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, அப்படியென்றால் கல்லில் 155 என்று எழுதியிருக்கும் இடம் எது என்று கேட்டாள். "அது வவுனியாவையும் தாண்டி மதவாச்சிப் பக்கம் வரும். ஐயா அங்க போய் இறங்கினா பொம்பிளை வீட்டுக்காரர் சிங்களத்தில வரவேற்பினம்" என்றார் சாரதி, தலையைத் திருப்பாமலே. பஸ் முழுக்கச் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெயர் பழைய மைல் கணக்கு, இப்போதைய கல் கிலோமீற்றர் கணக்கு. 155 மைல் என்றால் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீற்றர். நான் கண்டது இருநூறும் கொஞ்சமும். ஆக, நான் எதையும் தாண்டவில்லை. போய்ச் சேரவேயில்லை. போய்ச் சேராத இடத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்து, இறங்கித் திரும்பி, இப்போது எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன்.

"தம்பி, நான் எழுத்துக்குப் போறேன். சாட்சி. பன்னிரண்டு மணிக்கு முன்னால கையெழுத்து வைக்கணும்" என்று சொன்னேன்.

சிரிப்பு உடனே நின்றது. "சாட்சியோ?" என்றார் முன் இருக்கைப் பெண். நடத்துநர் முன்னால் போய்ச் சாரதியின் காதில் ஏதோ சொன்னார். எதிரே ஒரு பஸ் வந்தது. எங்கள் சாரதி பஸ்ஸின் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். இரண்டு பஸ்களும் நடுவீதியில் பக்கத்துக்குப் பக்கம் நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு நடந்தது.

"மச்சான், இந்த ஐயாவை 155ல இறக்கிவிடு. எழுத்துக்குச் சாட்சி வைக்கப் போறவர். ராகுகாலத்துக்கு முதல் போகவேணும்."

"அப்ப ஏன் உன்ர பஸ்ஸில வாறார்?"

"அது பெரிய கதை. ஏத்து."

என் விளக்கு ஒரு ஜன்னலால் வெளியே போய் மற்ற ஜன்னலால் உள்ளே போனது. நான் வாசலால் போனேன்.

புதிய பஸ்ஸிலும் இருக்க இடமில்லை. ஆனால் நான் யார், எங்கே போகிறேன், ஏன் எதிர்த்திசையில் வந்தேன் என்பதெல்லாம் சில நிமிடங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைக் காலடியில் வைத்திருந்த ஓர் அம்மா எனக்குத் தன் இருக்கையில் அரைவாசி தந்தார். அதில் குந்திக்கொண்டு மறுபடி மாப்பிள்ளையின் போனுக்கு எடுத்தேன். இந்தத் தடவையும் தாய்மாமன்தான்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? உங்களைத் தேடி மாப்பிளை எங்கட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தனுக்குப் போயிட்டார்!"

"நான் பரந்தன்ல இல்ல. இன்னும் மாங்குளத்துக்கே வரல்ல. அவருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க."

"எப்பிடி எடுக்கிறது? அவற்ற போனிலதானே நான் உங்களோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்!"

பிறகு அவர், "பதிவாளர் அம்மா வந்திட்டா. சோடாவும் குடிச்சு முடிச்சிட்டா" என்று மெதுவாகச் சொன்னார்.

சாட்சி போகவில்லை என்பது ஒரு பிரச்சினை. மாப்பிள்ளையையே காணோம் என்பது வேறு பிரச்சினை. அதை உண்டாக்கியவன் நான். அந்த நேரத்தில் எனக்கு எந்தத் திசை எந்தப் பக்கம் என்பதும் விளங்கவில்லை. பஸ் மாங்குளம் சந்தியைத் தாண்டியபோது, சரியான பக்கம்தான் போகிறோமா என்று முருங்கைக்காய் அம்மாவிடம் கேட்டேன். முறிகண்டிக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டேன். "ஓம் ஐயா, நேராத்தான் போறம்" என்று இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

முறிகண்டியில் பஸ் நின்றது. அந்த வீதியில் போகிற எந்த வாகனமும் அங்கே பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகாது என்று நான் படித்திருக்கிறேன். படித்தபோது அது அழகான வழக்கமாகத் தெரிந்தது. இப்போது ஆட்கள் ஆறுதலாக இறங்கித் தேங்காய் உடைக்கவும் கச்சான் கடலை வாங்கவும் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாரதியிடம் போய், இன்றைக்கு மட்டும் நிற்காமல் போக முடியாதா என்று கேட்டேவிட்டேன்.

"ஐயா, இதில நிக்காமப் போனா வேற எங்கயாவது நிக்க வேண்டி வந்திடும்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நீங்களும் போய் ஒருக்காக் கும்பிட்டிட்டு ஓடி வாங்கோ. கெதியா எடுக்கிறன்" என்றார்.

கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. திரும்பி வந்து பஸ்ஸில் ஏறி, விளக்கை வைத்த இடத்தைப் பார்த்தால் விளக்கைக் காணோம். முருங்கைக்காயும் இல்லை. என் இருக்கையில் ஒரு தாடிக்காரர் கச்சான் உரித்துக்கொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"155! 155 ஐயா! இஞ்சால வாங்கோ! அது கொழும்புக்குப் போற பஸ்!"

அங்கே ஒரே மாதிரி நாலைந்து பஸ்கள் நின்றன. என்னுடைய பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டு என்னைக் கூப்பிட்டன. என்னை ஏற்றிக்கொண்டு பஸ் புறப்பட்டதும் முருங்கைக்காய் அம்மா நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"மாப்பிளையின்ர கதையும் கேட்டனான் ஐயா. நான் பரந்தனிலதான் இறங்குறன். ஆளுக்கு என்ன அடையாளம்?"

"நெட்டை. கண்ணாடி போட்டிருப்பான். பட்டு வேட்டி. மோட்டார் சைக்கிள்."

"பட்டு வேட்டியோட பரந்தன் சந்தியில வேற ஆர் வெயிலுக்க நிக்கப் போறாங்கள்? நீங்கள் பேசாம உங்கட இடத்தில இறங்குங்கோ. மாப்பிளையை நாங்கள் பாத்து அனுப்புறம்."

"நாங்கள்" என்று சொன்னதைக் கவனித்தேன். பின்னால் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நான் ஹோனை விடாம அடிச்சுக்கொண்டு போறன்" என்றார்.

155ஆம் கட்டையில் என்னை இறக்கி, விளக்கையும் கையில் தந்துவிட்டுப் போனார்கள். சுற்றிப் பார்த்தேன். அங்கே 155 என்று எழுதிய கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. கடைப் பலகைகளில் மட்டும் இருந்தது. முதல் கடையில் கேட்டேன். கேட்டு முடிக்கு முன்பே கையைக் காட்டினார்கள்.

வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. தாய்மாமன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். உள்ளே போனதும் எல்லோருடைய கண்ணும் எனக்குப் பின்னால் யாரையோ தேடின. மாப்பிள்ளையின் தாயார், என் நண்பரின் மனைவி, என்னைப் பார்த்து, "நீங்க வந்துட்டீங்க. அவன் எங்க?" என்றார். விளக்கிச் சொல்ல எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மைலிலிருந்தா, கிலோமீற்றரிலிருந்தா?

பதிவாளர் அம்மா பேனையை மூடி மேசையில் வைத்திருந்தார். "சாட்சி வந்திட்டார். சரி. இனி மாப்பிளை வந்தாப் போதும்" என்று சிரிக்காமல் சொன்னார். அவருக்கு அதற்குப் பிறகு இன்னொரு எழுத்து இருந்ததாம்.

மணப்பெண் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். "இருங்கோ மாமா" என்றவள் வீதியைப் பார்த்துவிட்டு, "உங்களைக் காணாம அவர் திரும்பி வரமாட்டார். அதுதான் எனக்குப் பயம்" என்றாள். அதைக் கேட்டதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். நான் இங்கே கதிரையில் இருக்கிறேன். நான் இல்லாத இடத்தில் ஒருவன் என்னைத் தேடிக்கொண்டு நிற்கிறான். தேடுவதை நிறுத்து என்று அவனிடம் சொல்ல, எனக்குப் பெயர் தெரியாத ஒரு பஸ் போய்க்கொண்டிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது வீடு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைதான். வேட்டியில் எண்ணெய்க் கறை, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்த மறந்து சரித்தான், யாரோ பிடித்தார்கள். வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தானாம். அப்போது ஒரு பஸ் ஹோனை அடித்துக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் நின்றதாம். ஜன்னலெல்லாம் தலைகள். "மாப்பிளை, உங்கட சாட்சி 155ல இறங்கிட்டார்! நீங்கள் ஏன் இஞ்ச நிக்கிறியள்? ஓடுங்கோ!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்களாம். ஓர் அம்மா இறங்கி வந்து அவன் வேட்டி மடிப்பைச் சரிசெய்து விட்டுத்தான் அனுப்பினாராம்.

எல்லோரும் அவசரமாக உட்கார்ந்தோம். சுவர் மணிக்கூடு பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருப்பதாகக் காட்டியது. மணிக்கூட்டுக்கு நேர் கீழே, இருக்க வேண்டாத இடத்தில், யாரோ ஏறி நின்றது போல ஒரு கதிரை கிடந்தது. தாய்மாமன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார். என் கையிலும் ஒரு கடிகாரம் இருந்தது, சரியான நேரம் காட்டுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டேன். பதிவாளர் அம்மா பேனையைத் திறந்தார். அவர்கள் இருவரும் எழுதினார்கள். பெண்ணின் பக்கத்துச் சாட்சி எழுதினார். பிறகு நான் எழுதினேன். நண்பர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயர் எனக்கே புதிதாகத் தெரிந்தது.

அன்றைக்கு நான் கையெழுத்து வைத்த நேரம் எது என்று யாராவது கேட்டால், எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் சொல்லும் எனக்கு அதை மட்டும் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்: அந்த எழுத்துக்கு இரண்டு பஸ் நிறையச் சாட்சிகள் இருந்தார்கள், பெயரெழுத இடம் கிடைத்தது எங்கள் இருவருக்கு மட்டுந்தான்.